வெளிச்சம் மங்கினால் வண்டியை நிறுத்துங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. ஊவாவில் இனித் தை வரைக்கும் பின்னேரம் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகலைக்குப் போகும் ஏ-16 வீதியில் பனி இறங்கினால், முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கமே கண்ணுக்குத் தெரியாது. தம்பிமாரே, இந்த நேரத்தில் உங்கள் பழைய ஹொண்டாவின் முன்விளக்கு குப்பி லாம்பு போல மஞ்சளாய் எரிகிறது. ஹோர்ன் அடித்தால் அதுவும் செத்து, கையை எடுத்தால் உயிர்க்கிறது. இண்டிகேட்டர் மினுங்க மறந்து அப்படியே நிற்கிறது. பெட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, இந்த மாசம் சமாளிப்போம், சம்பளம் வரட்டும் என்று ஓட்டுகிறீர்கள். வேண்டாம். இன்றைக்கு இரவு அந்த வண்டி இஸ்தோப்பை விட்டு இறங்கக் கூடாது.

என் வண்டி, என் உயிர், உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். டவுனில் இருக்கிறவன் கேட்டாலும் ஒரு நியாயம் உண்டு. லயத்தில் இருக்கிறவன் அப்படிக் கேட்க முடியாது. மடுல்சீமைப் பக்கமோ நமுனுகுலைப் பக்கமோ மேல் டிவிசன் ஒன்றில் ஒரு பொடியனிடம் பைக் இருந்தால், அது அவன் பெயரில் பதிந்த ஊர்ச் சொத்து. மலையில் கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டினால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால், கடைசி பஸ் போன பிறகு யாருக்காவது நெஞ்சு அடைத்தால், அவன் கதவைத்தான் தட்டுவார்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும். ஆனால் தார் முடிந்து கல்லுப் பாதை தொடங்கும் இடத்துக்கு மேலே அது ஏறி வரும்வரை நோயாளி பொறுப்பாரா என்பது வேறு கதை. ஆகவே நோயாளியை நடுவில் வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடிக்க, மூன்று பேராக இறங்குகிறீர்கள். சட்டப்படி அது பிழைதான். அந்த நேரத்தில் யாரும் சட்டம் பேசுவதில்லை. அப்போது பாதி வழியில் விளக்கு நின்றால், பள்ளத்தில் விழப்போவது நீங்கள் மட்டுமா?

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மலைகளில் பழைய வண்டி ஓடுவது ஆசைக்காக மட்டும் இல்லை. துரைமார் காலத்து பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் வண்டிகளில் சில, 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் கைமாறிய பிறகும் இங்கேயே தங்கி, கைக்குக் கை மாறி இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைத் துடைத்து வைத்திருப்பவர்களுக்கு அது பெருமை. மற்றவர்களுக்கு ஹொண்டா சிடி 125, எம்டி 90. ஜப்பான் தபால்காரருக்கென்று ஹொண்டா செய்த அந்தச் சின்ன எம்டி 90, இங்கே மரக்கறி மூட்டையும் ஆளுமாக ஏற்றம் ஏறுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். அந்த ஐந்து வருடத்தில், குப்பைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகளெல்லாம் மறுபடி ரோட்டுக்கு வந்தன. வந்தது நல்லதுதான். நாற்பது வருடத்து வயரிங்கோடு வந்ததுதான் கவலை.

அதே காலத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருளச் சிலர் பழகியது அப்போதுதான். பெற்றோல் வரிசை போனது, பழக்கம் போகவில்லை. என்ஜின் நின்றால் சார்ஜும் நின்றது. சில 6 வோல்ட் வண்டிகளில் முன்விளக்கு பெட்டரியைத் தொடாமல் நேரே மெக்னட் கொயிலிலிருந்து எரிகிறது. அவற்றில் என்ஜினை நிறுத்தினால் வெளிச்சமே கிடையாது. கியரின் பிடியும் இல்லாமல், முழுப் பாரத்தையும் பழைய ட்ரம் பிரேக் தாங்க வேண்டும். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் அப்படி உருள்கிறவனைப் பார்த்தால் மறித்து நிறுத்துங்கள். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

சரி, வண்டியை நிறுத்தியாகிவிட்டது. இனி என்ன? முதலில் யாரையும், எதையும் குற்றம் சொல்லாதீர்கள். சார்ஜ் ஏறவில்லை என்றதும் வாயில் வருவது பெட்டரி போச்சு என்ற வார்த்தை. அளக்காமல் சொல்லும் அந்த வார்த்தையில்தான் அநியாயம் எல்லாம் தொடங்குகிறது. பெட்டரி பெரும்பாலும் பழி சுமக்கிறது. களவு வேறு இடத்தில் நடக்கிறது.

ஒரு மீட்டர் எடுங்கள். ஓட்டோ வயரிங் கடையில் கிடைக்கும் மலிவான மீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடாமல் பெட்டரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். 12 வோல்ட் பெட்டரி நிறைந்திருந்தால் 12.6 காட்டும், 6 வோல்ட் என்றால் 6.3. பன்னிரண்டுக்கோ ஆறுக்கோ கீழே போயிருந்தால் பெட்டரி காலி. காலியான பெட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜ் பார்ப்பது வீண். முதலில் வெளியே கொடுத்து நிறையச் சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றி எடுத்து ஒரு நாள் சும்மா வைத்தாலே இறங்கிவிட்டால், அப்போது தாராளமாகப் பெட்டரி போச்சு என்று சொல்லுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

பிறகு என்ஜினை ஓட விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து, அதே முனைகளில் மறுபடி பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8க்கும் 14.5க்கும் இடையே நிற்க வேண்டும். 6 வோல்ட் வண்டியில் ஏழை ஒட்டி. நின்றால் உங்கள் வண்டியில் சார்ஜ் பழுதே இல்லை. உங்கள் ஓட்டம்தான் போதவில்லை. இதை யாரும் நம்புவதில்லை. லயத்திலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து கடைக்கு, முதலாம் இரண்டாம் கியரில் ஊர்ந்து, ஒவ்வொரு முடக்கிலும் ஹோர்ன் அடித்து, பிரேக் விளக்கு எரிய இறங்கினால், போகிற அளவுக்கு வரவு இருக்காது. அந்த வண்டிக்குப் புதுக் கொயில் போடுவது பாவம். இடைக்கிடை வெளியே சார்ஜ் ஏற்றினால் அதுவே போதும்.

என்ஜின் ஓடியும் எண் ஏறவே இல்லையா? வந்த சார்ஜ் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. பதினைந்துக்கு மேல் போகிறதா? ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை, பெட்டரி கொதிக்கிறது. அதையும் ஓட்டக் கூடாது.

எண் ஏறாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது காசு செலவில்லாத இடங்கள். பியூஸ் முனை. பெட்டரி முனை. பிறகு ஏர்த்: என்ஜின் ஓட, விளக்கும் எரிய, மீட்டரின் ஒரு கம்பியைப் பெட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை என்ஜினின் வெறும் இரும்பிலும் வையுங்கள். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். 0.3 வோல்ட் தாண்டினால் ஏர்த் கம்பியின் அடியில் துருவும் பெயின்டும் உட்கார்ந்திருக்கிறது. வருடத்தில் பாதி மழையிலும் பனியிலும் நிற்கும் வண்டிக்கு இது வராவிட்டால்தான் அதிசயம்.

அடுத்தது பக்க மூடிக்குள். கொயிலிலிருந்து வரும் கம்பிகள் என்ஜினுக்குப் பின்னால் மேலேறி ஒரு பிளாஸ்டிக் இணைப்பில் சேரும். அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். நல்ல இணைப்பு குளிர்ந்திருக்கும், கெட்டது சூடாயிருக்கும். பிரித்தால் பித்தளை நாக்கின் மேல் பச்சைப் பூச்சு, அடியில் கருப்பு, வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் தேயிலைச் சாயக் கறைபட்டுப் பழுத்துப் போயிருக்கும். சில நேரம் கம்பி வெளியே முழுசாய்த் தெரியும், மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே செம்பு எப்போதோ தூளாகிவிட்டது. மண்தாளால் தேய்த்து, புது நாக்குப் போட்டு இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் வைத்து மூடினால் எண் ஏறிவிடும். எத்தனையோ வண்டிகளின் முழு வியாதியும் இந்த விரல் நீள இடத்தில்தான்.

அங்கேயும் இல்லையென்றால் ரெக்டிபயர். கழற்றி மீட்டரின் டயோட் குறியில் வைத்தால் ஒரு பக்கம் 0.5, 0.6 என்று காட்டி, கம்பியை மாற்றினால் ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு பக்கமும் காட்டினால் அது ஒழுகுகிறது: பகலில் ஏறியதை ராத்திரியில் திருப்பிக் குடிக்கிறது. காலையில் பெட்டரி ஏன் செத்துக் கிடக்கிறது என்று பல மாசம் தேடுபவர்கள், ஒரு ராத்திரி ரெக்டிபயரை மட்டும் கழற்றிவைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். 1960களின் ஹொண்டாக்களில் தட்டுத் தட்டாய் அடுக்கிய செலீனியம் ரெக்டிபயர் இருக்கும். அது எரிந்தால் வரும் நாற்றம் நஞ்சு, மூக்கை வைத்து முகராதீர்கள். அதற்குப் பதில் சாதாரண சிலிக்கன் பிரிட்ஜ் ஒன்று போதும்.

கொயில் கெட்டது என்பது கடைசி வார்த்தையாக இருக்கட்டும். சின்ன சிங்கிள் சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் கொயிலின் ஒரு முனையை ஏர்த்தோடுதான் கட்டியிருப்பார்கள். அது தெரியாமல், கொயில் ஏர்த் அடிக்குது என்று சொல்லி நல்ல கொயிலைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பெட்டரிக் கம்பியைக் கழற்றி, நிற்குதா ஓடுதா என்று சோதிப்பது. பழைய பாஸ்மார் டைனமோக் காலத்தில் செய்த வித்தை அது. ரெக்டிபயர் உள்ள வண்டியில் செய்தால் வோல்ட் துள்ளி, இருக்கிற நல்ல சாமானும் போகும்.

டைனமோ என்றதும் பி.எஸ்.ஏ. வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. லூகாஸ் கம்பனியை இங்கிலாந்திலேயே இருளின் இளவரசன் என்று கேலி பண்ணுவார்கள். கேலியில் பாதி அநியாயம். அவர்களுடைய 60 வாட் ஈ3எல் டைனமோ ஒழுங்காகப் பார்த்தால் மனிதனை விட நீண்ட நாள் இருக்கும். சோதிப்பதும் சுலபம். டி, எப் என்ற இரண்டு கம்பியையும் கழற்றி, டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து ஏர்த்துக்கு மீட்டர் வைத்து, என்ஜினை மெதுவாக ஓட விடுங்கள். துள்ளாமல் மளமளவென்று வோல்ட் ஏறினால் டைனமோ நல்லது, பழுது கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ வயரிலோ. ஒன்றுமே காட்டாவிட்டால் கரிக்கட்டையைப் பாருங்கள். அரை வோல்ட்டில் நின்றால் பீல்ட் கொயில். ஒன்றரை, இரண்டு வோல்ட் அளவில் நின்றால் ஆர்மேச்சர். பத்து வோல்ட் வரைக்கும் ஏற்றிப் பார்க்கிற வீரம் வேண்டாம். 1950களின் இந்த வண்டிகளில் பொசிட்டிவ் முனைதான் சேஸியோடு கட்டியிருக்கும். யாரோ மடையன் மாற்றிக் கட்டிவிட்டான் என்று நினைத்து, திருத்துகிறேன் பேர்வழி என்று பெட்டரியைத் திருப்பிப் போடாதீர்கள். மடையன் யார் என்பது புகை வந்த பிறகுதான் தெரியும்.

இனி கராஜ் வைத்திருக்கும் பாஸ்மாரிடம் பேச வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா என்று ஆனது. அதற்கு முன் ஆயிரம். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அதிலும் அரைப்பேர். அந்த வீட்டுப் பிள்ளையிடம், பெட்டரியும் போச்சு, ரெக்டிபயரும் போச்சு, கொயிலும் சந்தேகம் என்று மூன்றையும் எழுதிக் கொடுக்கிறீர்களே, அந்தத் துண்டில் அவன் அம்மாவின் எத்தனை முழுப்பேர் இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். மூன்றும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியாததா? கழற்றுவதற்கு முன் மீட்டரை அவனுக்குக் காட்டுங்கள். பூட்டிய பிறகும் காட்டுங்கள். கழற்றிய சாமானை அவன் கையில் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியவில்லை, பதுளையில் இன்னாரிடம் காட்டு என்று சொல்லுங்கள். அதனால் யாரும் சிறுத்துப் போகமாட்டார்கள்.

பாஸ்மாரை மட்டும் ஏசிவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. அவர் ஒரு மணித்தியாலம் குனிந்து தேடி, அந்தப் பச்சை பிடித்த இணைப்பைக் கண்டுபிடித்துத் துடைத்துக் கொடுத்தால், நாம் என்ன சொல்கிறோம்? சும்மா கம்பியைத்தானே துடைச்சீங்க, இதுக்கா காசு? அதே மனிதர் எட்டாயிரத்துக்கு ஒரு சாமானை மாற்றினால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். தேடிய உழைப்புக்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் காசு என்று நாமே அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பழுதைக் கண்டுபிடித்தவருக்குக் கேட்காமலே கூலி கொடுங்கள். என் கணிப்பில் இந்தத் தொழிலில் உள்ள பொய்யில் பாதி இதனால் குறையும்.

பியூஸுக்குப் பதில் சிகரட் பெட்டித் தாள் சுற்றுவதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அந்த வயர் போவது பெற்றோல் டாங்கிக்கு அடியில். அதேபோல், கண்ணைக் குத்தும் வெள்ளை பல்ப் போட்டு வெளிச்சக் குறையை மறைக்காதீர்கள். எதிரே வரும் லொறிச் சாரதிக்குக் கண் கட்டினால், அவர் ஒதுங்கப் போவது நீங்கள் இருக்கிற பக்கமாகவும் இருக்கலாம். நேரே கொயிலில் எரியும் 6 வோல்ட் வண்டிகளில் பல்பின் வாட் அளவும் மாறக் கூடாது; ஒன்று செத்தால் அதன் பங்கும் மற்றதில் பாய்ந்து அதையும் எரித்துவிடும். பின்விளக்கு அடிக்கடி எரிந்து போகிறதென்றால் முன்விளக்கைப் பாருங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட அவசரமாக, செத்த பெட்டரியைப் பற்றி. அதை லயத்துக்குள் உடைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் அசிட்டைக் கானில் ஊற்றினால் அது எங்கே போகும்? நம் கான் எல்லாம் கீழே போகிறது. கீழே இன்னொரு லயத்துக்குப் பீலி இருக்கிறது. குளிப்பதும் குடிப்பதும் அந்தத் தண்ணீரில். கொட்டிவிட்டால் உடனே அப்பச்சோடா தூவி, நுரை அடங்கும்வரை விட்டு அள்ளுங்கள். தண்ணீர் குறைந்த பெட்டரிக்குப் பெட்டரித் தண்ணீர்தான் விட வேண்டும். பீலித் தண்ணீரும் வேண்டாம், மேலும் அசிட்டும் வேண்டாம். அடுப்படியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். அதிலிருந்து வரும் ஐதரசன் வாயுவுக்கு ஒரு பொறி போதும்.

அசிட்டை விட ஈயம் கொடுமை. பெட்டரியை உடைத்துத் தட்டை எடுத்து, தகர டப்பாவில் உருக்கி, நாலு காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். செனகல் நாட்டில், டாக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாரோய்-சுர்-மேர் என்றொரு குடியிருப்பு. அங்கே ஏழைச் சனங்கள் பழைய பெட்டரி உடைத்த மண்ணிலிருந்து ஈயத்தைச் சலித்து எடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஒரே குடியிருப்பில் 18 பிள்ளைகள் செத்துப் போனார்கள். முதலில் என்ன நோய் என்றே யாருக்கும் விளங்கவில்லை. அவர்களும் நம்மைப் போல நெருங்கிய வீடுகளில், வாசல் மண்ணில் பிள்ளைகளை விளையாட விட்டு வாழ்ந்தவர்கள்தான். இவ்வளவு ஈயம் வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. சாகாத பிள்ளைக்கும் மூளையில் குறை வைக்கும், படிப்பு ஏறாது. ஒரு காம்பராவில் தூங்கி, சமைத்து, படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பக்கத்தில் என்று நினைத்துப் பாருங்கள். பழைய பெட்டரியை உடைக்காமல், நிமிர்த்தி, மூடியை இறுக்கி, டவுனுக்குக் கொண்டுபோய்ப் புதுப் பெட்டரி விற்கும் கடையில் கொடுங்கள். பழசுக்கு விலை கழிப்பார்கள். கழிக்காவிட்டாலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பண்டிகைச் சந்தா சேர்க்கும்போது, டிவிசனுக்கு ஒரு மீட்டர் வாங்கவும் கொஞ்சம் ஒதுக்குங்கள். கோயில் கமிட்டிப் பெட்டியிலோ பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்துக் கடையிலோ, யாரும் கேட்டு எடுக்கிற இடத்தில் தொங்கவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் இருக்கிற எல்லோரும் வரட்டும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், பொம்பிளைப் பிள்ளைகளையும்தான். வண்டி இலக்கம், நின்ற வோல்ட், ஓடும் வோல்ட் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன மாசத்து எண்ணும் இந்த மாசத்து எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எது இறங்குகிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த மீட்டருக்குள்ளும் ஒரு சின்னப் பெட்டரி இருக்கிறது, அதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது தளர்ந்தால் மீட்டர் உள்ளதை விடக் கூட்டிக் காட்டும், பழுதான வண்டியையும் நல்ல வண்டி என்று சொல்லிவிடும்.